எட்டாம் நாள் குருதி

மாஞ்சோலை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
மழை நாளில் ஏசிக்குள்ளிருந்தும் சொட்டும்.
கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுத்தான்
றெஜினா அக்காவின் குழாயை எடுத்தேன்.
ஊதா மூடி. இரண்டு மில்லிலீற்றர்.
வயது ஐம்பத்துமூன்று.
நெருப்புக் காய்ச்சல், எட்டாம் நாள்.

வெள்ளம் வந்த கிழமை
தெருவோரக் கொட்டிலில் இருக்கிறவர்கள்
எந்தக் கிணற்றில் அள்ளினார்கள் என்று
சுகாதாரப் பரிசோதகர் கேட்டுத் திரிந்தார்.
அள்ள விட்ட கிணற்றில், என்றாளாம்.

எங்களுக்குப் படிப்பித்த தடித்த புத்தகம்
தமிழகத்தில் அச்சானது.
பக்கத்துக்குப் பக்கம் 'செல்'.
செல் பிரிகிறது, செல் விழுங்குகிறது, செல் இறக்கிறது.
பின்வாங்கில் இருந்த முகுந்தினி
அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் பென்சிலால் வெட்டி
'கலம்' என்று எழுதினாள்.
ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
எங்களுக்குச் செல் என்றால்
மேலேயிருந்து வருவது.

கலம் என்றால் சட்டி. கலம் என்றால் தோணி.
இந்தத் தோணியின் விளிம்பில்
கைபோல மூலக்கூறுகள் முளைத்திருக்கும்.
விழுங்கிய கிருமியில் ஒரு துணுக்கைப் பிடித்து
வெளியே தூக்கிக் காட்டும்:
பாருங்கோ, இதுதான்.
போகிற வருகிற கலங்கள்
தடவிப் பார்த்துப் படித்துக்கொண்டு போகும்.

குடல்வழி புகுந்த பற்றீரியாவுக்கு
அந்தக் கலத்தைக் கொல்லுகிற அவசரமில்லை.
உள்ளுக்கே குடியிருந்து
கையைக் கீழே இழுத்துவிடும்.
கலம் உயிரோடு இருக்கும். நகரும். சாப்பிடும்.
காட்டாது.

யாழ்ப்பாணத்து ஆராய்ச்சிக்காரர் அனுப்பிய தாளில்
எல்லாம் புள்ளிகளாக வந்திருந்தது.
கை உயர்ந்தவை வலப்பக்கம்,
தாழ்ந்தவை இடப்பக்கம்.
றெஜினா அக்காவின் புள்ளிகள்
வெள்ளத்தில் ஒதுங்கின எறும்புகள் மாதிரி
இடது மூலையில் கிடந்தன.

புள்ளிகளை எனக்கு முதலே தெரியும்.
பாஸ்போட் அளவுப் படத்தை
இரண்டடிக்குப் பெருப்பித்தால்
முகம் அப்படித்தான் உடையும்.
மூக்குக்கு இருபது புள்ளி. சிரிப்புக்கு ஆறேழு.
யூட் நிரோசன், பதினேழு வயது, அவளுடைய மகன்.
படத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டில் வாசலில் நிற்பாள்.
நான் வேலைக்குப் போகிற பஸ்
அவளைத் தாண்டித்தான் போகும்.
காய்ச்சல் நாட்களில் படம் மட்டும்
கப்பில் கட்டித் தொங்கியது,
பொலித்தீன் சுற்றி.

இதை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை.
கலத்துக்கு மகன் கிடையாது.
கலத்தை யாரும் வந்து
போதும், வீட்டுக்குப் போங்கோ
என்று சொல்லுவதுமில்லை.

இருபத்தெட்டாம் நாள் மற்றக் குழாய் எடுத்தோம்,
கை உயர்ந்ததா என்று பார்க்க.
பரந்தனில் பஸ் பழுது. விடியுமட்டும் அங்கேயே.
ஐஸ் உருகி, கலங்கள் வெடித்து,
குழாய் முழுக்க ஒரே சிவப்பு.

ஆராய்ச்சிப் படிவத்தில் இதற்கென்றே
ஒரு பெட்டி இருக்கிறது:
காணாமற்போன தரவு. சரி அடையாளம் இடுக.
நான் இடவில்லை.
ஓரத்தில் பேனையால் எழுதினேன்:
ஐஸ் உருகியது. பரந்தன் சந்தி.
இரவு எட்டரை மணி.
பொறுப்பாய்க் கொண்டுபோனவர் பெயர்.
கீழே என் கையெழுத்து.
அவ்வளவுக்கும் அந்த ஓரத்தில் இடம் இருந்தது.

அடுத்த திங்கள் பஸ் யன்னலால் கண்டேன்.
கழுத்தெலும்பு தெரிந்தது.
படத்தின் கீழ் விளிம்பு
வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது;
நெஞ்சுக்கு ஏறவில்லை.
பஸ் திரும்புகிற இடத்தில்
கை மாற்றிப் பிடித்தாள்.